ஒரு வீட்டில் இரண்டு சாமி

பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவன் திருச்செல்வம். இருபத்தொரு நாள் விரதம் இருந்ததும் அவன்தான். மீதி எல்லாம் தனேஸ்வரி.

மீதி என்பது காலை நாலே காலுக்குத் தொடங்கியது. குளிக்காமல் அடுப்படிக்குள் போகக் கூடாது என்பதால் முதலில் குளியல். பிறகு மஞ்சள் கரைத்த தண்ணீரில் வீடு முழுக்கத் துடைப்பு. புக்கிட் செந்தோசாவில் அவர்களுடையது ஒற்றை மாடி வரிசை வீடு. பார்க்கச் சின்னது, துடைக்கும்போது பெரியது. விரதக்காரருக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனித் தட்டு, அந்தத் தட்டைத் தேய்க்கத் தனி ஸ்பாஞ்சு. அவனுடைய மஞ்சள் வேட்டியை வாஷிங் மெஷினில் போட முடியாது. அதே மெஷினில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காலுறைகளும் சுழல்கின்றன. ஆகவே வேட்டி கையால். சாயங்காலம் நாலு மணிக்குத் தவறாமல் இடி இடித்து மழை கொட்டுகிற மாதம் அது. துவைத்தது காயாது. காயாததை இஸ்திரிப் பெட்டியால் காய வைக்க வேண்டும். பெட்டி சூடாவதற்குள் பச்சைப்பயற்றுக் கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்துவிடும்.

வேண்டுதலில் பொய்யில்லை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியோடு கலும்பாங் பாதையில் மழையில் சறுக்கி, ஒரு கான்கிரீட் வாய்க்காலுக்கு முக்கால் அடி தள்ளி நின்றவன் அவன். அந்த முக்கால் அடியை முருகன் போட்டான் என்பது திருச்செல்வத்தின் நம்பிக்கை. தனேஸ்வரிக்கும் அதில் மறுப்பில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் ராத்திரி வரைக்கும் லோரிச் சாவியைக் கையிலிருந்து கீழே வைக்காததைப் பார்த்தவள் அவள். அதற்கு ஒரு காவடி என்ன, இரண்டு காவடிகூட எடுக்கலாம். யார் துவைப்பது என்பதுதான் பேச்சில் வரவேயில்லை.

காப்புக் கட்டிய நாளிலிருந்து அவன் சாமி. வீட்டிலும் சாமி, லோரிப் பட்டறையிலும் சாமி. சாமி காலையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி விளக்கின் முன் உட்காருவார். அவர் கண்ணைத் திறக்கும்போது கஞ்சி ஆறியிருக்க வேண்டும், ஆனால் ரொம்ப ஆறியிருக்கக் கூடாது. தனேஸ்வரி ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சாமிக்கு லோரி எட்டு மணிக்குத்தான்.

முதல் வாரத்திலேயே இரண்டு தடவை பஸ்ஸை விட்டாள்.

புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில், மருத்துவமனைகளுக்குப் போகிற பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனி அவளுடையது. எட்டு வருடமாகச் சோதனை மேசையில் இருக்கிறாள். குழாயில் முடி அளவு கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மூன்று மாதமாக அவளை லைன் லீடராகப் போட்டுப் பார்க்கிறார்கள். பதினாலு பேர் அவளுக்குக் கீழே. பார்க்கும் காலத்தில் மூன்று முறை தாமதமானால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். இதைச் சொல்லும் பொறுப்பு சூப்பர்வைசர் மரியத்துக்கு வந்தது. அது நோன்பு மாதத்தின் கடைசி வாரம். மரியத்தின் உதடு காய்ந்திருந்தது. குரல் காயவில்லை.

"தனா, இது ரெண்டாவது லா."

"தெரியும்கா. வேட்டி காயல."

"யாரு வேட்டி?"

"அவரோடது. விரதம்."

"விரதம் அவருக்கு. லேட்டு ஒனக்கா?"

தனேஸ்வரி தலையுறையை மாட்டினாள்.

"இங்க பாரு. நானும்தான் நோம்பு. நாலு மணிக்கு எந்திரிச்சு எல்லாருக்கும் சஹர் சாப்பாடு ஆக்கி வைக்கிறேன். எங்க வீட்டு மனுசன், நோம்பு தொறக்கிற நேரத்துல பேரீச்சம்பழத்தக்கூடக் கையில எடுத்துக் குடுக்கணும்பாரு. ஆனா நான் ஒரு நாள் லேட்டு இல்ல. ஏன் தெரியுமா?"

"ஏன்கா?"

"சட்டிய அப்புடியே சிங்க்குல போட்டுட்டு வந்துருவேன். அது சாயங்காலம் வரைக்கும் அங்கனயே கெடக்கும். அதுக்கு என்ன, காலா இருக்கு ஓடிப்போக?"

"எங்க வீட்டுல விரதக்காரரு இருக்கப்ப எச்சில் சட்டி கெடக்கக் கூடாதுக்கா."

"அப்ப விரதக்காரர கழுவச் சொல்லு."

"அவரு கழுவக் கூடாதாம். அதுவும் ரூலு."

மரியம் வருகைப் பதிவேட்டை மூடினாள். "நல்ல ரூலா இருக்கே," என்றாள். "சரி. அடுத்த வெள்ளிக்கெழம வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வர்றது தெரியும்ல. ஏழரைக்கு நம்ம லைன்ல நிப்பாங்க. நீதான் வெளக்கணும். அன்னைக்கு நீ இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிப்புட்டேன்."

"இருப்பேன்கா."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. கலும்பாங் கோயில் வாட்ஸாப் குழு. மயில், வேல், நாலு மூலையிலும் தாமரை. காவடிக் குழுவினர் ஒவ்வொரு வெள்ளியும் ஒருவர் வீட்டில் பஜனை பாடிச் சாப்பிடுவது வழக்கம். அந்தப் பட்டியல் அது. அடுத்த வெள்ளி, மாலை ஏழு மணி, திருச்செல்வம் இல்லம். அதற்குக் கீழே, சிவப்பு எழுத்தில்: அன்னதானம், சகோதரி தனேஸ்வரி. பக்கத்தில் மூன்று கும்பிடு.

தான் நாற்பது பேருக்குச் சமைக்கப்போவதைத் தனேஸ்வரி இப்படித்தான் தெரிந்துகொண்டாள். குழுவில் அதற்குள் இருபத்தாறு பேர் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் திருச்செல்வம் வாசலில் உட்கார்ந்து, காவடிக்கு மயிலிறகு கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னாங்க இது?"

"எது சாமி?" விரதத்தில் அவன் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட்டான், அவள் கோபமாக இருக்கும்போது குறிப்பாக.

"வெள்ளிக்கெழம நம்ம வீடா?"

"ஆமா. மொற வருதுல. அக்காதான் பேரக் குடுத்துச்சு. ஒனக்கும் புண்ணியம்னு சொல்லிச்சு."

"வெள்ளிக்கெழம எனக்கு ஆடிட். சொன்னேனா இல்லையா? ஏழு மணிக்குத்தான் வேலையே முடியும்."

"அதான் யோசிச்சேன். மொத நாளே காய நறுக்கி வச்சுட்டா? காலைல ரெண்டு மணிக்கு எந்திரிச்சா முடிஞ்சிரும்ல?"

"யாரு எந்திரிச்சா?"

திருச்செல்வம் மயிலிறகைத் திருப்பிப் பார்த்தான். "கோபப்படாத தனா. விரத வீடு. சத்தம் போடக் கூடாது."

தனேஸ்வரி சத்தம் போடவில்லை. உள்ளே போய், சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளின் முன் நின்றாள். கோயில் தலைவர் காளியண்ணன் கணினிக் கடையில் கொடுத்து அடித்தது. 'காப்புக் கட்டியவர்களுக்கான விதிமுறைகள்.' மொத்தம் பதினாலு. அந்தத் தாளை அந்த வீட்டில் அதுவரை யாரும் முழுதாகப் படித்ததில்லை. ஒட்டியதோடு சரி. எட்டு வருடம் கம்பெனியில் விதிமுறைத் தாள் படித்தே சம்பளம் வாங்கியவள் தனேஸ்வரி. முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை நிதானமாகப் படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள். அன்று பாத்திரம் கழுவும்போது அவள் முகம் தெளிவாக இருந்ததாக மூத்தவள் கவிநிலா பிறகு சொன்னாள்.

உத்திரத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, பால்குடம் எடுக்கும் பெண்களுக்குக் கலும்பாங் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். திருச்செல்வத்தோடு தனேஸ்வரியும் போனாள். வரிசையில் நின்றாள். காளியண்ணன் ஒரு காலத்தில் தோட்டத்து வேலையாட்களை மேய்த்த மண்டோர். ஆள் கணக்கு எடுத்துப் பழகிய கை. பக்தர்களையும் பதிவேட்டில் எழுதாமல் விடமாட்டார்.

"தாயி, நீயுமா? ரொம்ப சந்தோசம். என்ன வேண்டுதல்?"

"வேலைக்கி நேரத்தோட போகணும் தலைவரே."

காளியண்ணன் யோசித்து, 'உத்தியோக உயர்வு' என்று எழுதிக்கொண்டார். மஞ்சள் துண்டு முடிந்த கயிறு அவள் மணிக்கட்டுக்கு வந்தது. கூடவே ஒரு தாளும் வந்தது. காவடிக்காரர்களுக்கு அடித்ததில் மிச்சமிருந்த தாள்களைப் பால்குடக்காரர்களுக்குக் கொடுத்துத் தீர்ப்பது அங்கே வழக்கம். வாங்கிய பெண்கள் அதை மடித்துத் திருநீறு பொட்டலம் கட்டிக்கொண்டார்கள். தனேஸ்வரி மடிக்காமல் பைக்குள் வைத்தாள்.

திருச்செல்வத்தின் அக்கா நவமணி கோயில் மாதர் பிரிவுத் தலைவி. ஓடி வந்து கையைப் பிடித்தாள். "குடும்பத்தோட விரதம்! இது போதும்டி எனக்கு."

"எனக்கும் போதும் அண்ணி," என்றாள் தனேஸ்வரி.

திங்கட்கிழமை காலை நாலே காலுக்கு அந்த வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. ஐந்தே காலுக்குத் தனேஸ்வரி எழுந்தாள். குளித்து, தன் மஞ்சள் சேலையைத் தானே அலசிக் கொடியில் போட்டு, விளக்கின் முன் கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தாள். தனக்கு மட்டும் ஒரு டம்ளர் கஞ்சி காய்ச்சிக் குடித்து, தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ஐந்து ஐம்பதுக்கு உடை மாற்றித் தயாராகிவிட்டாள். அப்போதுதான் திருச்செல்வம் எழுந்து வந்தான்.

"தனா, கஞ்சி?"

"சாமின்னு கூப்பிடுங்க. பதினோராவது விதி."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"சரி சாமி. கஞ்சி எங்க?"

"பயறு டப்பாவுல இருக்கு. மூணாவது விதிய படிங்க. காப்புக் கட்டியவர் தமக்கான உணவைத் தாமே சமைத்தல் சிறப்பு."

"வேட்டி?"

"பக்கெட்டுல. ஆறாவது. பிறர் உடுத்திய துணியைத் தொடக் கூடாது. நான் தொட்டா எனக்கும் தோசம், ஒங்களுக்கும் தோசம்."

"தட்டு நேத்து ராத்திரிலேர்ந்து அப்புடியே கெடக்கே."

"ஏழாவது. பிறர் எச்சில் பாத்திரம் கழுவக் கூடாது. அவங்கவங்க தட்டு அவங்கவங்களுக்கு."

திருச்செல்வத்தின் நெற்றி சுருங்கியது. "நீ என்ன வெளையாட்டா—"

"ஒம்பதாவது," என்றாள் தனேஸ்வரி. "காப்புக் கட்டியவரிடம் வீட்டார் கடுஞ்சொல் பேசலாகாது."

வெளியே செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து பனி இறங்கியிருந்தது. அவள் பஸ் நிறுத்தத்தில் ஏழு நிமிடம் முன்னதாக நின்றாள். எட்டு வருடத்தில் முதல் முறையாக அங்கே உட்காரப் பலகை இருப்பதைக் கவனித்து அதில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு ஏழு வயது இளையவள் யாழிசைக்கு ஒரு யோசனை வந்தது. "அப்பா, நானும் சாமி ஆனா வீட்டுப்பாடம் செய்ய வேணாம்ல?" திருச்செல்வம் அடுப்புக்கு ஓடினான். அவன் கஞ்சி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகளின் உடுப்புக்குத் தனேஸ்வரி முன்பே வழி சொல்லியிருந்தாள். மெஷின் காப்புக் கட்டவில்லை. அவரவர் துணியை அவரவர் போட்டு அமுக்க வேண்டியதுதான். யாழிசைக்குப் பட்டன் எட்டாது, ஸ்டூல் போட்டுக்கொண்டாள். தட்டும் அப்படியே. இரண்டு நாள் இது பரவாயில்லாமல் ஓடியது. மூன்றாம் நாள், புதன்கிழமை, தனேஸ்வரி வேலை முடிந்து வந்தபோது கூடம் பளபளவென்று இருந்தது. மஞ்சள் வாசம் அடித்தது. திருச்செல்வம் நாற்காலியில் இருந்தான். பதிமூன்று வயதுக் கவிநிலா கையில் மோப். சிங்க்கில் அவள் அப்பாவின் மூன்று நாள் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. கொடியில் அவன் வேட்டி.

"யாரு சொன்னா?"

"அப்பாதான். நான் காப்பு கட்டலல, அதனால தொடலாமாம்." கவிநிலா மூச்சு வாங்கினாள். "மா, நாளைக்கு எனக்கு கணக்குப் பரீட்ச. இன்னும் பொஸ்தகமே தொறக்கல."

தனேஸ்வரி மோப்பை வாங்கினாள். அதைத் திருச்செல்வத்தின் மடியில் குறுக்கே வைத்தாள். ஈரம் அவன் மஞ்சள் வேட்டியில் பரவியது.

"வேல வேணாம்னு நான் கயிறு கட்டல. என் வேலைய நான் செய்யறேன், ஒங்க வேலைய நீங்க செய்யுங்கன்னுதான் கட்டுனேன். நான் எறக்கி வச்சத இவ தலைல ஏத்துவீங்களா? இவளுக்குப் பதிமூணு வயசு. எனக்கும் பதிமூணு வயசுலதான் ஏத்துனாங்க, ஒங்களுக்குத் தெரியும்ல? இன்னும் எறக்கல. இன்னொரு வாட்டி இவ கையில இத பாத்தேன்னா, கலும்பாங்கு போயி முருகன் முன்னால நின்னு சொல்லுவேன். யாரு விரதம், யாரு ஒடம்பு வளைஞ்சிச்சுன்னு."

"ஒம்பதாவது விதி..." என்று திருச்செல்வம் மெல்லத் தொடங்கினான்.

"அது கடுஞ்சொல் இல்ல. கணக்கு."

கவிநிலா புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். திருச்செல்வம் மோப்பை மடியிலிருந்து எடுத்துச் சுவரோரம் சாய்த்தான். பிறகு எழுந்து, கொடியில் இருந்த வேட்டியைப் பார்த்தான். அதன் ஓரத்தில் இன்னும் கறை இருந்தது. பிள்ளைக்குக் கசக்கத் தெரியவில்லை. அவனே எடுத்து மறுபடி அலசினான். ரப்பர் போல வழுக்கியது, பிழிந்தால் பாதித் தண்ணீர் உள்ளேயே இருந்தது. "இத எப்புடி தினமும் பிழிஞ்ச?" என்று உள்ளே பார்த்துக் கேட்டான்.

மறுநாள் சாயங்காலம் நவமணி வந்தாள். தனியாக வரவில்லை. காளியண்ணனையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக் கூரையில் விழுந்த சத்தத்துக்கு மேல் நவமணி பேசினாள், அவளுக்கு அது கஷ்டமாக இல்லை.

"பாருங்க தலைவரே. நாளைக்கு நாப்பது சாமிமாரு வர்றாங்க. ஒரு காயி நறுக்கல. கேட்டா விதி ஆறு, விதி ஏழுன்னு கோர்ட்டு பேசுறா. என் தம்பி துணி தொவைக்கிறான் தலைவரே! காவடி தூக்கப்போற கையி!"

"தூக்கப்போற கைன்னா பலமாத்தான அண்ணி இருக்கும்," என்றாள் தனேஸ்வரி.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?"

காளியண்ணன் கண்ணாடியை மாட்டினார். "தாயி, அந்தப் பேப்பரு காவடிக்காரங்களுக்கு அடிச்சதுலா."

"என் கையில குடுத்தது நீங்கதான தலைவரே."

"மிச்சம் இருந்துச்சு. குடுத்தேன்."

"அப்ப பால்குடத்துக்கு எந்த விதி?"

"அதுக்கு... அது வழக்கம். பொம்பளைங்களுக்குத் தெரியும்."

"நாப்பது வருசமா நாங்களும் காப்பு கட்டிருக்கோம்," நவமணி நடுவில் நுழைந்தாள். "காப்பு கையோடதான் ஆக்குனோம், கழுவுனோம். ஒரு வருசம் எனக்குக் காச்ச. காச்சலோட நூறு பேருக்கு வடை சுட்டேன். கடைசில மயங்கி எண்ணச் சட்டி பக்கத்துலயே விழுந்தேன். யாரையாச்சும் கேட்டேனா நானு?"

"கேட்டிருக்கணும் அண்ணி," என்றாள் தனேஸ்வரி.

நவமணி நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

தனேஸ்வரி காளியண்ணன் பக்கம் திரும்பினாள். "நான் ஒண்ணும் பெருசா கேக்கல தலைவரே. பொம்பள விரதம் பாதி விரதம்னு சொல்லுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குழுவுல போடுங்க, அந்த மயிலு படத்தோட. நான் இப்பவே போயி காய நறுக்குறேன்."

காளியண்ணன் தாளைப் பார்த்தார். கீழே அவர் கையெழுத்தும் கோயில் முத்திரையும் இருந்தன. முப்பது வருடம் தோட்டத்தில் விதி சொல்லி ஆள் விரட்டிய மனிதர், தன் விதியிடமே மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். மழையில் கண்ணாடி நனைந்திருக்கவில்லை.

"பாதின்னு எப்படி தாயி எழுதறது? முருகன் கேப்பான்ல."

"அப்ப நாளைக்கு?" என்றாள் நவமணி.

"சாமிமாருக்கு வீட்டுல சமையல் இருக்கணும். யாரு சமைக்கணும்னு..." அவர் மறுபடி தாளைத் தேடினார். "இதுல இல்ல."

"நாப்பது பேரு தனா," என்றான் திருச்செல்வம். அதுவரை அவன் கதவோரம் நின்றிருந்தான்.

"காவடிய தோள்ல தூக்கி ரெண்டு மைல் நடக்கிறவங்க. ஒரு கரண்டியத் தூக்க மாட்டாங்களா? எனக்கு நாளைக்கு ஏழரைக்கு ஆள் வருது. மூணாவது வாட்டி லேட்டானா பேரு போயிரும். எட்டு வருசம். நான் போறேன், அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு வாசலில் கார் ஹாரன். நவமணி இரண்டு கூடை காய்கறியோடு இறங்கினாள். கத்தரிக்காய், பூசணி, ஒரு கட்டு கங்கோங் கீரை. தனேஸ்வரி நீலச் சீருடையில் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கி ஒரு நாள் எம்.சி. போடுடி. கிளினிக்குல நான் சொல்றேன், வயித்து வலின்னு."

"சாமி பொய் சொல்லலாமா அண்ணி? எட்டாவது—"

"வாய மூடு," என்றாள் நவமணி. பிறகு அவளே சிரிப்பை அடக்கக் கீழே பார்த்தாள். சிரித்தது தெரிந்துவிடக் கூடாதென்று குரலை உயர்த்தினாள். "போ. போயிட்டே இரு. நாலு பேரு நாலு விதமா பேசட்டும், எனக்கென்ன. ஆனா ஒண்ணு. நானும் சமைக்க மாட்டேன். கூடைய எறக்கிட்டேன், என் கடம முடிஞ்சிச்சு. எனக்கும் முட்டி வலி."

அவள் நிஜமாகவே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

திருச்செல்வம் கூடைகளைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். தனேஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"தனா. பருப்புக்கு எத்தன தண்ணி?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மணி மூன்று நிமிடம். "ஒண்ணுக்கு மூணு. மஞ்சத்தூள் மறக்காதீங்க. ஒங்க லோரிக்காரங்கள இப்பவே கூப்பிடுங்க, மத்தியானம் கூப்பிட்டா வேகாது." சொல்லிக்கொண்டே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் உள்ளே போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரியும். பஸ் வந்தது, ஏறினாள்.

ஏழரைக்கு வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலு பேர் லைனுக்கு வந்தார்கள். தனேஸ்வரி இரண்டு வாரமாகக் குளியலறையில் சொல்லிப் பழகிய ஆங்கிலம் வாயில் வந்தது, பாதி மறந்தும் போனது. மறந்த இடத்தில் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, கீறலை விரலால் காட்டினாள். வந்தவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, இரண்டு தடவை தேடிப் பார்த்த பிறகே அதைக் கண்டுபிடித்தார். மத்தியானத்துக்கு மேல் மரியம் அவளைக் கூப்பிட்டு ஒரு பச்சைத் தொப்பியைக் கையில் வைத்தாள். லைன் லீடர்கள் போடுகிற நிறம்.

"திங்கக்கெழமேலேர்ந்து. அழுவாத, குழாய்ல தண்ணி பட்டா ரிஜெக்ட்."

"அழுவலக்கா. மஞ்சத்தூள் போட்டாங்களான்னு நெனைச்சேன்."

ஏழே முக்காலுக்கு மழை விட்டிருந்தது. தெரு முனையிலேயே பஜனைச் சத்தம் கேட்டது. வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு, வடிகால் வரைக்கும். புகை வாசம். உள்ளே கூடம் முழுக்க மஞ்சள் வேட்டிகள். சுவரோரம் இரண்டு வரிசையாக வாழை இலை விரித்திருந்தது. அடுப்படியில் லோரிக்காரர்கள் மூன்று பேர், நெற்றியில் திருநீறும் கன்னத்தில் கரியுமாக ஒரு பெரிய சட்டியைச் சுற்றி நின்றுகொண்டு அதற்குள் எட்டிப் பார்த்தார்கள். தரையெல்லாம் பூசணித் தோல். திருச்செல்வத்தின் கட்டைவிரலில் பிளாஸ்திரி.

நவமணி அவளைப் பின்பக்கமாக இழுத்தாள். "வந்தியா. சீக்கிரம் குளிச்சிட்டு வா. வீட்டுக்காரி மொதல்ல பரிமாறுனாத்தான் சாமிமாரு கை வைப்பாங்க. இத மட்டும் செஞ்சிரு, ஒன் வாயால எந்த விதியும் சொல்லாத. எல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க."

தனேஸ்வரி குளித்தாள். மஞ்சள் சேலை கட்டி, ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தாள். பாட்டு நின்றது. நாற்பது பேர் அவளைப் பார்த்தார்கள். திருச்செல்வம் பொங்கல் வாளியை அவளிடம் நீட்டினான்.

அவள் வாளியை வாங்கவில்லை. ஓரத்தில் அடுக்கியிருந்த இலைக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். முதல் வரிசையில், காளியண்ணனுக்குப் பக்கத்தில், சுவரோரம் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே இலையை விரித்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அந்தக் கோயில்காரர்களின் பந்தியில் ஆண்களோடு ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று பதினாலு விதியிலும் இல்லை. காளியண்ணன் தன் இலையை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார். இடம் விட்டாரா, விலகினாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அறை வாசலில் கவிநிலா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாழிசை அவள் கைக்கடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள்.

"டேய் செல்வம்," என்றாள் நவமணி சோபாவிலிருந்து. "நிக்கிறியே. ஆறிப்போவுதுல?"

திருச்செல்வம் குனிந்தான். குனிந்த இடத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வைத்தான். பொங்கல் கரண்டியை விட்டு இறங்க மறுத்தது. தட்டித் தட்டி இறக்கினான்.

தனேஸ்வரி ஒரு வாய் எடுத்தாள். நாற்பது பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அடிப்பிடித்த வாசம், அரிசி பாதி வேக்காடு, உப்பு சுத்தமாக இல்லை. நன்றாக மென்று விழுங்கினாள். விடிந்ததிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"இன்னும் ரெண்டு கரண்டி வைங்க சாமி," என்றாள்.